இரண்டு கிணறுகள், ஒரு மூடி

மட்டக்களப்பு
25.09.2023

திருமதி தனுஷா திவாகரன்,
பொறுப்பாசிரியை,
அரும்பு பகல் பராமரிப்பு நிலையம்,
சித்தாண்டி.

வணக்கம். உங்கள் நிலையத்தின் அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிப்பதற்கான சுகாதார, பாதுகாப்புப் பரிசோதனைக்காக எதிர்வரும் ஒக்டோபர் 10ஆம் திகதி செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு வர எண்ணியுள்ளேன். மறுநாள் புதன்கிழமை ஓட்டமாவடி நிலையத்துக்குப் போகவேண்டும்.

நான் பார்க்கவிருப்பவை: வரவுப் பதிவேடு, தடுப்பூசி அட்டைகள், சமையலறை, மலசலகூடம், முதலுதவிப் பெட்டி, கிணறும் அதன் மூடியும். சென்ற ஆண்டு உங்கள் கிணற்றுக்கு மூடி இல்லை என்று எழுதவேண்டி வந்தது. கிணற்றுக் கட்டு இரண்டடி உயரம்தான் என்பதால் மூடி கட்டாயம். இம்முறையும் அது இல்லாவிட்டால் அனுமதியைப் பரிந்துரைக்க எனக்கு வழியில்லை. இப்படி எழுதுவதற்கு வருந்துகிறேன்.

எனக்காகச் சிற்றுண்டி எதுவும் செய்யவேண்டாம். தேநீர் தருவதானால் சீனி இல்லாமல்.

இங்ஙனம்,
சி. தங்கராசா
(ஓய்வுபெற்ற பொதுச் சுகாதாரப் பரிசோதகர், ஒப்பந்த அடிப்படையில்)


சித்தாண்டி
29.09.2023

மதிப்புக்குரிய ஐயா,

கடிதம் கிடைத்தது. நீங்கள் ஒருவர்தான் முன்கூட்டியே அறிவித்துவிட்டு வருகிறீர்கள். மற்ற அதிகாரிகள் வாசலில் வந்து நின்றுதான் கூப்பிடுவார்கள்.

10ஆம் திகதி என் மகனுக்குக் கிளினிக் இருக்கிறது. நீங்கள் 12ஆம் திகதி வியாழக்கிழமை வந்தால் பெரிய உதவியாக இருக்கும். கிணற்றுக்கு இரும்பில் மூடி செய்துவிட்டோம், ஐயா. பிள்ளைகள் ஏறி நின்றாலும் ஒன்றும் ஆகாது.

தனுஷா


மட்டக்களப்பு
13.10.2023

திருமதி தனுஷா திவாகரன் அவர்களுக்கு,

நேற்றைய பரிசோதனை திருப்தியாக முடிந்தது. பதினேழு பிள்ளைகளின் அட்டைகளும் ஒழுங்காக உள்ளன. அனுமதியைப் புதுப்பிக்கலாம் என்று இன்று காலை எழுதிக் கொடுத்துவிட்டேன்.

ஒரு சிறு விடயம். மூடியின் பிடிகளில் ஒன்று வளைந்து, நீல நைலோன் கயிற்றால் கட்டப்பட்டிருந்தது. பிள்ளைகளின் விரல் அதற்குள் அகப்படலாம். அதை ஒட்டுவித்துக்கொள்வது நல்லது. முதல்நாள் ஓட்டமாவடியில் பார்த்த மூடியும் ஏறத்தாழ இதே மாதிரிதான் இருந்தது. இரண்டையும் ஒரே பட்டறையில் செய்வித்தீர்கள் போலும். நான் சொல்வதை வேறுவிதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சி. தங்கராசா


மட்டக்களப்பு
13.11.2023

அன்புள்ள தனுஷா,

இந்தக் கடிதத்தை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். பிள்ளை ஆர்த்திகா உங்கள் நிலையத்துக் கிணற்றில் விழுந்து இறந்து இன்றோடு பதினான்கு நாள். உங்களை ஒரு கிழமை விளக்கமறியலில் வைத்திருந்ததையும், பிணையில் வந்த அன்று வீட்டுக்குக் கல் எறிந்ததையும் உங்கள் கணவர் திவாகரன் நீதிமன்ற வாசலில் சொன்னார். நீங்கள் கதிரவெளியில் அக்கா வீட்டில் இருப்பதாகவும், உங்கள் தொலைபேசியைப் பொலிஸார் வைத்திருப்பதாகவும் அவர் சொல்லித்தான் தெரியும். விலாசமும் அவர் தந்ததே.

இம்மாதம் 2ஆம் திகதி பொலிஸார் என்னிடம் வாக்குமூலம் எடுத்தார்கள். ஒக்டோபர் 12ஆம் திகதி கிணற்றுக்கு மூடி இருந்தது என்று சொன்னேன். அது உண்மை. ஆனால் பொலிஸ் நிலையத்தின் படிகளில் இறங்கும்போது பொய் சொல்லிவிட்டு வருகிறவனைப் போல இருந்தது.

எனது குறிப்புப் புத்தகத்தில் இரண்டு பக்கங்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. 11ஆம் திகதி ஓட்டமாவடி: இரும்பு மூடி, விட்டம் 4 அடி 3 அங்குலம், பச்சை வர்ணம், வளைந்த பிடியில் நீல நைலோன் கயிறு. 12ஆம் திகதி சித்தாண்டி: இரும்பு மூடி, 4 அடி 3 அங்குலம், பச்சை, வளைந்த பிடியில் நீலக் கயிறு. இரண்டாவது பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தேன். அன்று மாலை வீட்டில் அறிக்கை எழுத உட்கார்ந்தபோது அதை அழித்துவிட்டேன். ஒரு பட்டறைக்காரர் இரண்டு மூடியிலும் ஒரே பிழையை விட்டிருக்கக்கூடாதா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அழித்த இடம் இன்னும் தெரிகிறது.

ஒக்டோபர் 30ஆம் திகதி அந்த மூடி எங்கே இருந்தது? அதை மட்டும் எழுதுங்கள். எழுத விருப்பமில்லாவிட்டாலும் நான் குறை நினைக்கமாட்டேன்.

சி. தங்கராசா


கதிரவெளி
22.11.2023

ஐயா,

உங்கள் கடிதத்தை அக்கா இரண்டு நாள் ஒளித்து வைத்திருந்தா. அரசாங்கக் கடிதம் என்று பயந்துவிட்டா.

மூடி ஓட்டமாவடியில் இருந்தது. ஒரே மூடிதான், ஐயா.

ஓட்டமாவடி நிலையத்தை நடத்துகிற றுக்ஷானாவும் நானும் முன்பள்ளிப் பயிற்சியில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். சென்ற வருடம் மூடி இல்லை என்று எங்கள் இருவருக்கும் எழுதினீர்கள். இரண்டு செய்ய எங்களால் முடியவில்லை. ஒன்றைச் செய்து, வயல் வட்டைக்குத் தண்ணீர் முறை வைத்து விடுகிற மாதிரி முறை வைத்துக்கொண்டோம். ஒற்றை மாதம் எனக்கு, இரட்டை மாதம் அவளுக்கு. ஆளுக்கு ஆறு மாதமாவது பிள்ளைகள் பத்திரமாக இருக்கட்டும் என்றுதான் செய்தோம். உங்களை ஏமாற்றுவதற்கென்று செய்யவில்லை. ஆனால் ஏமாற்றவும் செய்தோம். ஒக்டோபர் அவளுடைய முறை. மூடியை ஏற்றுகிற எங்கள் லேண்ட்மாஸ்டர் வட்டையில் உழுதுகொண்டிருந்தது, புதன்தான் வரும். அதனால்தான் உங்களிடம் வியாழன் கேட்டேன். கிளினிக் என்றது பொய். வெள்ளிக்கிழமை காலை மூடி திரும்ப ஓட்டமாவடிக்குப் போய்விட்டது.

அன்று கிணற்றின்மேல் ஒரு தகரமும் இரண்டு கல்லும் இருந்தன. பத்தரை மணிக்குத் தண்ணீர் அள்ளத் தகரத்தை நகர்த்தியது நான்தான். உள்ளே ஒரு பிள்ளை வாந்தி எடுத்தான். ஓடினேன். தகரத்தைத் திரும்ப இழுத்துவிடவில்லை. ஆறு நிமிடம் என்று பொலிஸில் சொன்னேன். ஆறா, பத்தா, எனக்குத் தெரியாது. வெளியே வந்து எண்ணினேன். பதினாறு. திரும்பவும் எண்ணினேன். அவளுடைய ஒரு செருப்பு கட்டின்மேல் இருந்தது.

இன்னும் இரண்டு நாள் கழிந்திருந்தால் என்னுடைய முறை வந்திருக்கும்.

மரண விசாரணையில் உங்களைக் கூப்பிடுவார்கள். றுக்ஷானாவின் பெயரைச் சொல்லாதீர்கள். மூடியை நான்தான் கழற்றி எங்கேயோ கொடுத்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளட்டும். தகரத்தை நகர்த்தியது என் கை. அவள் கை இல்லை. உங்கள் புத்தகத்தை யாரும் கேட்கப்போவதில்லை.

தனுஷா


மட்டக்களப்பு
09.12.2023

அன்புள்ள தனுஷா,

உங்கள் கடிதத்தைப் பலமுறை வாசித்தேன். ஒன்றை உங்களுக்குச் சொல்லவேண்டும். சரியாகச் சொல்லத் தெரியுமோ தெரியவில்லை.

1991இல், யுத்தம் நடந்த காலத்தில், மலேரியாவுக்கு இரத்தம் எடுப்பதற்காக வாவியோரக் கிராமமொன்றுக்குப் போனேன். கையில் புத்தகம், காலில் சப்பாத்து. என்னைக் கண்டதும் ஒரு தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கழுத்தளவு தண்ணீருக்குள் இறங்கி நின்றார். நான் யார் என்று கரையில் நின்று கத்தினேன். அவர் ஏறவில்லை. நான் ஒழுங்கையைத் தாண்டிய பிறகுதான் ஏறினாராம். அந்த நாள் தொடக்கம் முன்கூட்டி அறிவிக்காமல் யாருடைய வாசலுக்கும் போவதில்லை என்று வைத்துக்கொண்டேன். முப்பத்திரண்டு வருடம் அதை மரியாதை என்று நினைத்திருந்தேன். பார்க்கக்கூடாததை ஒதுக்கி வைக்க எல்லோருக்கும் இரண்டு கிழமை அவகாசம் கொடுத்துவந்திருக்கிறேன். எனது பட்டியலில் இருபத்தேழு நிலையங்கள் உள்ளன. அவற்றில் உள்ளபடி எதைப் பார்த்தேன் என்று இப்போது எனக்குத் தெரியவில்லை.

நேற்று முன்தினம் கடிதம் போடாமல் ஓட்டமாவடிக்குப் போனேன். றுக்ஷானா வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

“சேர், காயிதம் ஒண்டும் வரல்லியே.”

சும்மா இந்தப் பக்கம் வந்தேன் என்றேன்.

“சும்மா வாற ஆக்கள் புத்தகத்தக் கக்கத்துல வச்சுக்கிட்டு வாறல்ல, சேர்.”

கிணற்றின்மேல் மூடி இருந்தது. நான் குனிந்து அந்தக் கயிற்றைப் பார்த்தேன். அவர் விளக்குமாற்றை வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றார்.

“வடிவாப் பாத்துக்கங்க. இப்ப எல்லா மாசமும் என்ட முறதான். இத இந்தக் கிணத்துல பாக்கக்குள்ள எனக்குச் சோறு இறங்குதில்ல.”

அவருக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவனுக்கு நாலு வயது. நிலையமும் வீடும் ஒரே வளவு. இவ்வளவையும் பார்த்துவிட்டு வந்தேன்.

நீங்கள் கேட்டபடி பேசாமல் இருக்கலாம் என்றுதான் முதலில் தீர்மானித்தேன். பிறகு, அது எனக்கு எவ்வளவு வசதியாக இருக்கிறது என்று பார்த்தேன். றுக்ஷானாவைக் காப்பாற்றுகிறேன் என்று சொல்லிக்கொண்டு நானும் தப்பிவிடலாம். என் ஓய்வூதியத்துக்கும் ஒன்றும் வராது, பெயருக்கும் ஒன்றும் வராது. அதைக் கண்டபின் எனக்குப் பயமாக இருக்கிறது. இன்னும் முடிவெடுக்கவில்லை. எடுத்தால் முதலில் உங்களுக்கு எழுதுவேன்.

சி. தங்கராசா


கதிரவெளி
19.12.2023

ஐயா,

உங்களுக்கு நித்திரை வரவேண்டும் என்பதற்காக றுக்ஷானாவை எரிக்காதீர்கள்.

அங்கே பத்தொன்பது பிள்ளைகள். தாய்மார் அரிசி ஆலையிலும் ஆடைத் தொழிற்சாலையிலும் நிற்பவர்கள். ஆறு மணி பஸ்ஸை விட்டால் வேலை போய்விடும். நிலையத்தை மூடினால் அந்தப் பிள்ளைகள் எங்கே போவார்கள் என்று உங்கள் புத்தகத்தில் எழுத ஒரு இடம் இருக்கிறதா?

பரிசோதனை முடிந்த மறுநாள் நீங்கள் எழுதியது ஞாபகம் இருக்கிறதா? ஓட்டமாவடியில் பார்த்த மூடியும் இதே மாதிரி, ஒரே பட்டறை போலும் என்று. கடிதம் வந்த உடனே றுக்ஷானாவுக்குப் போன் எடுத்து வாசித்துக் காட்டினேன். “அந்த மனிசனுக்கு எல்லாம் விளங்கிட்டுகா, தெரிஞ்சும் விட்டுட்டாரு, தங்கமான மனிசன்” என்றேன். இருவரும் வயிறு நோகச் சிரித்தோம். உங்களுக்குத் தெரியாது என்று நினைத்திருந்தால் நாங்கள் பயந்திருப்போம், ஐயா. தெரியும் என்று நினைத்தபடியால்தான் பயம் விட்டுப்போனது.

என்னுடைய வழக்கறிஞரும் சொல்லிவிட்டார். எல்லாப் பிழையும் என்னுடையது என்றுதான் நான் சொல்லப்போகிறேன். அதைக் குழப்பாதீர்கள்.

ஆர்த்திகாவின் தாய் இன்னும் வேலைக்குப் போகவில்லையாம். பிள்ளை இறந்த பிறகும் பராமரிப்பு நிலையத்துக்கென்று விடிய ஐந்து மணிக்குச் சாப்பாட்டுப் பெட்டி கட்டுகிறாளாம். இதை யாரிடமும் சொல்லாதீர்கள்.

தனுஷா


மட்டக்களப்பு
24.01.2024

அன்புள்ள தனுஷா,

முதலில் உங்களுக்கு எழுதுவேன் என்று சொன்னேன். அதைச் செய்யவில்லை. எழுதினால் நீங்கள் மறுப்பீர்கள், நீங்கள் மறுத்தால் நான் பின்வாங்கிவிடுவேன் என்று தெரியும். றுக்ஷானாவுக்கு மட்டும் நேரில் போய்ச் சொன்னேன். “சேர், நீங்க சொன்னாலும் நான் இதுக்குள்ளதான் கிடக்கன், சொல்லாட்டியும் இதுக்குள்ளதான் கிடக்கன்” என்றார்.

நேற்று மரண விசாரணையில் நீங்கள் சாட்சி சொல்லிவிட்டு வெளியே போனபின் என்னைக் கூப்பிட்டார்கள். புத்தகத்தை யாரும் கேட்கவில்லை. நீங்கள் சொன்னது சரி. நானாகவே நீதவானிடம் நீட்டினேன். அவர் இரண்டு பக்கங்களையும் வாசித்துவிட்டு, ஓரத்தில் அழித்திருப்பது என்ன என்று கேட்டார். சொன்னேன்.

உங்கள் வழக்கறிஞர் நல்லவர். எனக்கு ஒரு வாசல் திறந்துவிட்டார். “ஐயா, உங்களுக்கு ஒரு சந்தேகம் வந்திருக்கிறது. பிறகு அது சரியில்லை என்று நினைத்திருக்கிறீர்கள். அவ்வளவுதானே?” என்றார். என் ஆயுள் முழுவதும் நான் அப்படித்தான் பதில் சொல்லி வந்திருக்கிறேன். ஓம் என்று சொல்ல வாய் எடுத்தேன்.

“இல்லை. அது ஒரே மூடி என்று எனக்குத் தெரியும்” என்றேன்.

தெரிந்தும் ஏன் எழுதவில்லை என்று நீதவான் கேட்டார். எழுதினால் இரண்டு நிலையங்களையும் மூடவேண்டி வரும், மூடுவதற்கு எனக்குத் தைரியம் இருக்கவில்லை, அதற்கு இரக்கம் என்று பெயர் வைத்துக்கொண்டேன் என்று சொன்னேன். என் குரல் கேட்கவில்லை என்று இரண்டு தடவை சொல்லச் சொன்னார்கள். சொன்னேன்.

வெளியே ஆர்த்திகாவின் தாய் மரத்தடியில் நின்றார். ஏசுவார் என்று நினைத்துக் கிட்டப் போனேன். அவர் ஏசவில்லை.

“ஐயா, அண்டைக்கு நீங்க வரக்குள்ள என்ட புள்ளயக் கண்டீங்களா? என்ன செய்துக்கிட்டு இருந்தாள்?”

நான் யோசித்துப் பார்த்தேன். தனுஷா, எனக்கு ஒரு முகமும் ஞாபகம் வரவில்லை. “பதினேழு பிள்ளைகளை எண்ணினேன், அம்மா. முகம் பார்க்கவில்லை” என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு பஸ் நிலையப் பக்கம் நடந்து போனார்.

நீங்கள் இனி எனக்கு எழுதமாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

சி. தங்கராசா


கதிரவெளி
20.02.2024

ஐயா,

எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். நேற்று றுக்ஷானா பஸ் ஏறி இங்கே வந்தாள். அவள் சொன்னதை உங்களுக்குத் தெரியப்படுத்த வேறு ஆள் இல்லை.

அவளுடைய அனுமதியை இடைநிறுத்திப் பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டார்கள். அவள்மீதும் வழக்கு. மூடியைப் பொலிஸார் சான்றுப்பொருள் என்று ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். நீலக் கயிற்றோடு, அட்டை ஒன்று கட்டி. இப்போது அது ஒரு கிணற்றின்மேலும் இல்லை.

எட்டுப் பிள்ளைகளை வேறு இடத்தில் விட்டிருக்கிறார்கள். மற்றப் பதினொரு பேரும் அங்கேதான். தாய்மார் கெஞ்சி அழுது விட்டுவிட்டுப் போகிறார்கள். பலகை இல்லை, பதிவேடு இல்லை, உதவிக்கு நின்ற பெட்டையையும் நிறுத்தியாகிவிட்டது. அவளுடைய இரண்டும் சேர்த்துப் பதின்மூன்று. கிணற்றின்மேல் ஒரு பழைய கட்டிலைக் கவிழ்த்துப் போட்டிருக்கிறாளாம். தண்ணீர் அள்ளும்போதெல்லாம் தனியே அதைத் தள்ளவேண்டும்.

அனுமதி உள்ள இடத்துக்குத்தான் பரிசோதனை. மூடிய இடத்துக்கு ஒருவரும் வரமாட்டார்கள். உங்களை மாதிரிக் கடிதம் போட்டுக்கூட வரமாட்டார்கள்.

நீங்கள் செய்தது பிழை என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. ஆனால் நீங்கள் அன்று அந்தச் சாட்சிக் கூண்டிலிருந்து இறங்கி வீட்டுக்குப் போய்விட்டீர்கள். கட்டிலைத் தள்ளுவது அவள்.

தனுஷா


மட்டக்களப்பு
28.02.2024

அன்புள்ள தனுஷா,

எனது ஒப்பந்தத்தை ஜனவரியோடு முடித்துவிட்டார்கள். அதை முறைப்பாடாக எழுதவில்லை.

உங்கள் கடிதத்தை எடுத்துக்கொண்டு முதலில் ஏறாவூரில் ஒரு பட்டறைக்குப் போனேன். இரண்டு மூடிகளுக்குச் சொல்லியிருக்கிறேன். விதானையார் வீட்டுக் கேற்றும் கோவில் வேலையும் கையில் இருக்கின்றன, பங்குனி நடுவில்தான் தரலாம் என்றார் பட்டறைக்காரர். இரண்டு தடவை கேட்டேன். அதற்கு மேல் எனக்குச் சண்டை பிடிக்கத் தெரியவில்லை.

அதனால் நேற்றுக் காலை ஆறு இருபது பஸ்ஸில் ஓட்டமாவடிக்குப் போனேன். றுக்ஷானா பிள்ளைகளுக்குப் பால் ஆற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துவிட்டு எழும்பவில்லை.

“இப்ப என்ன அதிகாரத்துல வந்த, சேர்?”

ஒரு அதிகாரமும் இல்லை என்றேன்.

“அப்ப என்னத்தப் பாக்கப் போறீங்க?”

கிணற்றடியில் நிற்கிறேன் என்றேன். அவர் பால் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

காலை ஏழேமுக்காலிலிருந்து அந்தக் கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் தண்ணீர் அள்ள வந்தபோது இருவருமாகத் தள்ளினோம், திரும்ப இருவருமாக இழுத்து வைத்தோம். பிள்ளைகள் முதலில் தூரத்தில் நின்று பார்த்தார்கள். பிறகு ஹப்ஸா என்ற ஒரு பிள்ளை வந்து, வாப்பா வாங்கிவந்த சப்பாத்து என்று காலைத் தூக்கிக் காட்டினாள். கன்னத்தில் அம்மைத் தழும்பு ஒன்று, மேலே இரண்டு பல் இல்லை. றிஸ்லான் என்றவன் எதைக் கண்டாலும் அதன்மேல் ஏறுகிறான். அவனை நான்கு தடவை இறக்கினேன். மாலை ஐந்தேகாலுக்குக் கடைசிப் பிள்ளையைத் தாய் வந்து கூட்டிப்போனார். முழங்கால் நோவினால் பஸ்ஸில் ஏற நடத்துனர் கை கொடுக்கவேண்டியதாயிற்று.

இது ஒன்றையும் ஈடுசெய்யாது. அதை நீங்கள் எழுதாமலே எனக்குத் தெரியும். ஆர்த்திகாவின் தாய்க்குச் சொல்ல இப்போதும் என்னிடம் ஒன்றும் இல்லை. பங்குனி நடுவில் மூடிகள் வந்தபின் நான் எதற்கு அங்கே போவது என்றும் தெரியவில்லை. அந்தப் பதினொரு பிள்ளைகளுக்கும் அனுமதியுள்ள ஓர் இடம் கேட்டு அலுவலகத்துக்கு எழுதியிருக்கிறேன். ஓய்வுபெற்றவனின் கடிதத்தை அவர்கள் எந்தத் தட்டில் போடுவார்கள் என்று எனக்குத் தெரியும், அந்தத் தட்டை ஒழுங்குபடுத்தியவனே நான்தான்.

இன்றும் போனேன். றுக்ஷானா என்னை வரச் சொல்லவில்லை. வரவேண்டாம் என்றும் சொல்லவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது அவர் சமையலறையில் இருந்தார். கிணற்றடியில், நிழல் விழும் பக்கமாக, உட்கார ஒரு கதிரை போடப்பட்டிருந்தது.

சி. தங்கராசா